விஷம் காட்டாத பேட்ஜ்

கைப்பேசி அலறியது!

திரையில் தெரிந்த பெயரைப் பார்த்ததும் யோகேஸ்வரிக்குக் குப்பென்று வியர்த்தது.

அய்யாவு!

நேற்றுத்தான் அந்த எஸ்டேட் தொழிலாளியைப் பீடோங் சுடுகாட்டில் எரித்திருந்தார்கள்...

"ஹ... ஹலோ?"

"நான் அய்யாவு பொஞ்சாதி செல்லாயி பேசுறேன்மா. எஸ்டேட்டுக்கு வரீங்களா? இன்னும் எத்தன பேரு சாவணும்?"

யோகேஸ்வரி புள்ளியியல் ஆய்வாளர். களைமருந்து அடிக்கும் தொழிலாளிகள் எத்தனை காலம் உயிர் வாழ்கிறார்கள் என்று கணக்கிடுவது அவள் வேலை. ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு பேட்ஜ். காற்றிலுள்ள விஷத்தை அது அளக்கும்.

கணக்கில்தான் பயங்கரம்! விஷம் குறைவாகக் காட்டியவர்களே முதலில் செத்தார்கள்...

"அளவுப் பிழை லா, விடும்மா!" என்றார் மேலதிகாரி டாக்டர் ரோனால்ட்.

"சாதாரணப் பிழைன்னா உண்மை மங்கும் டாக்டர். தலைகீழா திரும்பாது! சில பேரோட சிறுநீரத் தனியா சோதிச்சேன். பேட்ஜ் கம்மியா காட்டுனவங்க உடம்புலதான் விஷம் ஜாஸ்தி. யாரோ வேணும்னே மாத்துறாங்க!"

அவள் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

செம்பனை மரங்களுக்கு நடுவே அய்யாவு வீடு. நண்பகலிலும் இருட்டு. கொடியில் அய்யாவுவின் சட்டை, காற்றே இல்லாமல் ஆடியது...

அவள் கணக்கில் செத்தவர்கள் எல்லோரும் உள்ளே மூச்சு விடுவது போலிருந்தது.

"அவரு பேட்ஜ் போட்டாரா, செல்லாயிக்கா?"

"எங்க போட்டாரு? கடும் மருந்து அடிக்கிறவங்க பேட்ஜ மட்டும் எங்கள மேய்க்கிற மண்டோர் புவனேசன் வாங்கி, ஆபீஸ் ஏர்கோன் ரூம்ல மாட்டிடுவாரு."

யோகேஸ்வரி உடனே ரோனால்டை அழைத்தாள்.

"ஆளப் பிடிச்சுட்டேன் டாக்டர்! மண்டோருதான்!"

"அங்கயே இரு. நான் வரேன்."

வந்தார். கதவைத் தாழிட்டார்.

"வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இ... இல்ல."

"நல்லது!"

அவர் கையில் ஊசி மின்னியது!

யோகேஸ்வரி சுவரோடு ஒட்டினாள். அவரா...?

அப்போது... உள்ளறையில் ஓர் இருமல்!

"அ... அய்யாவு?" ரோனால்டின் கையிலிருந்து ஊசி நழுவியது.

இருமிக்கொண்டே வந்தவர் புவனேசன். எலும்பும் தோலுமாக.

"அந்த மருந்தக் கலக்குனது நான்தானே டாக்டர்? நானும் சாகப் போறேன், இனிமே எனக்கென்ன பயம்? மருந்துல ஆபத்தில்லன்னு காட்டுனா கம்பெனில உங்களுக்குப் பெரிய பதவி கெடைக்கும்னு பேட்ஜ ரூம்ல மாட்டச் சொன்னது நீங்கதான்னு போலீஸ்ல சொல்லிட்டேன்!"

"நீங்க கூப்பிட்டா இவரு ஓடி வருவாருன்னு தெரியும்மா," என்றாள் செல்லாயி. "அதான் உங்களக் கூப்பிட்டேன்."

புவனேசனுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் பிரெடி!

"நான் யாருன்னு தெரியுமா?" ரோனால்ட் கத்தினார்.

"தெரியும். அடுத்தவன் ஆயுசக் கணக்குப் பாக்குறவரு!" பிரெடி விலங்கை மாட்டினார். "உங்களுக்கு ஆயுளா இல்லையான்னு கோர்ட்டு கணக்குப் பாத்துச் சொல்லும் லா!"