லட்சுமி படத்துச் சங்கிலியும் மேல் கோடும்

1999 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. காலை 7.25.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், பிளசன்டனில் வெங்கடாசலம் வீட்டு மாடியில், துண்டு அடுக்கி வைக்கக் கட்டிய அலமாரிதான் பூஜை அறை. அதன் முன்னால் அவர் மனைவி கலாவதி நின்றாள். விளக்கு எரிந்தது, பூ அப்படியே இருந்தது. லட்சுமி படத்தில் சாத்தியிருந்த ஐந்து பவுன் சங்கிலியைத்தான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை குளித்து விளக்கேற்றியதும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி லட்சுமிக்குப் போடுவாள். ஆபீசுக்குக் கிளம்பும்போது எடுத்து மாட்டிக்கொள்வாள். வங்கி லாக்கர் எதற்கு, லட்சுமியே பார்த்துக்கொள்வாள் என்பது அவள் கட்சி. அன்று லட்சுமி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பாவம்.

7.35. எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். கலாவதி யாரையும் கைகாட்டவில்லை. வான்மதியின் கைப்பையை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அது போதாதா?

வான்மதி பதினாலு மாதமாக அந்த வீட்டுக் குழந்தை மீனாக்ஷியைப் பார்த்துக்கொள்கிறவள். கணவன் செழியனின் விசாவில் வந்தவள், வேலை பார்க்க அனுமதி இல்லை. கலாவதி கையில் தருவதை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். போலீஸ் வந்தால் சங்கிலியோடு அந்தக் கதையும் வெளியே வரும், செழியனின் கிரீன் கார்டு அம்பேல். கலாவதி போனைக் கையில் எடுத்தபோது வான்மதி குறுக்கே வந்தாள்.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க. நான் நாலு கேள்வி கேட்டுக்கறேன். அப்புறம் யாருக்கு வேணா கால் பண்ணுங்க."

கலாவதி போனைக் கீழே வைக்கவில்லை, ஆனால் எண்ணை அழுத்தவும் இல்லை.

முதலில் கலாவதியே சொன்னாள். 6.45க்கு விளக்கேற்றினாள். பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு முடி உலர்த்தினாள். அந்த மெஷின் இரைச்சலில் வெளியே எதுவும் கேட்கவில்லை. வெங்கடாசலம் ஏழு மணிக்குக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சில் மாட்டி, ஏழேகாலுக்குத்தான் விடுபட்டார். வான்மதி 7.05க்கு டயப்பர் எடுக்க மாடிக்குப் போனதை அவளே மறைக்காமல் சொன்னாள்.

மிச்சம் சேனாபதி. வெங்கடாசலத்தோடு வேலை பார்ப்பவர். வெள்ளிதோறும் ஆறரைக்குப் பங்குச் சந்தை திறக்கும் நேரத்துக்கு வந்து மாடி அறையில் வெங்கடாசலத்தின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அன்று அவர் அங்கே தனியாக இருந்தது, வெங்கடாசலம் வெளியே போன அந்தக் கால் மணி நேரம்தான். அவர் வாயில் பொலிஞ்சர் பேண்ட் என்ற பேச்சு வராத நாளே இல்லை.

அந்தப் பேண்டைப் பற்றி வெங்கடாசலம் காபி குடிக்கும்போதெல்லாம் வான்மதிக்குப் பாடம் எடுப்பார். ஒரு ஷேரின் இருபது நாள் முடிவு விலையின் சராசரி நடுக்கோடு. விலை எவ்வளவு துள்ளுகிறதோ அதற்கேற்ற தூரத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சந்தை ஆடினால் பட்டை அகலும், அடங்கினால் ஒடுங்கும். அவருடைய சாஃப்ட்வேர் தினசரி விலையில் மட்டும்தான் கோடு போடும், மணிக்கணக்கு நிமிஷக்கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது. கோயம்புத்தூரில் புள்ளியியல் எம்.எஸ்சி. முடித்த வான்மதி, எல்லாவற்றையும் இன்றுதான் கேட்பதுபோல் தலையாட்டுவாள்.

"ஏழுலேர்ந்து ஏழேகால் வரைக்கும் எங்க இருந்தீங்க, சார்?" என்று சேனாபதியைக் கேட்டாள்.

"சேரை விட்டு எந்திரிக்கலம்மா. லாரல்பெர்ரி டாட்காம் மேல் பேண்டைத் தொட்டுட்டு நிக்குது. விக்கறதா வேண்டாமான்னு டென்ஷன். கண்ணை எடுத்திருந்தா தானே?"

"மேல் கோட்டைத் தொட்டதைக் கண்ணால பாத்தீங்க?"

"பின்ன? உள்ள போயி வெளிய வந்து, மறுபடி தொட்டுச்சு."

வான்மதி குளிர்சாதனப் பெட்டிமேல் தொங்கிய கோயில் காலண்டரைப் பார்த்தாள். ஒரு கம்பெனியின் ஷேர் முதன்முதலாகச் சந்தைக்கு வரும் நாளில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் பெயரும் எழுதி வைப்பது வெங்கடாசலத்தின் பழக்கம். ஒரு தாளைத் திருப்பி, விரலால் எண்ணினாள். பிறகு மீனாக்ஷியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னாள்.

7.50. வெங்கடாசலம் லாரல்பெர்ரியின் பெயரைத் தட்டினார். திரையில் விலை மட்டும் சின்னச் சின்னக் குச்சிகளாக வந்தது. நடுவிலும் கோடு இல்லை, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"நவம்பர் இருபத்தொன்பது, தேங்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமைதான் இந்தக் கம்பெனி லிஸ்ட் ஆச்சு. சனி ஞாயிறு போக, இன்னையோட பதினஞ்சு நாள். இருபது நாள் விலை இல்லாம சராசரி ஏது, பேண்ட் ஏது? இல்லாத கோட்டைத் தொட்டுச்சுன்னு சொல்றவர் இந்தத் திரையைப் பாக்கவே இல்ல. அந்தப் பதினஞ்சு நிமிஷம் எங்க இருந்தீங்க, சார்?"

வெங்கடாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்கே அது உறைக்கவில்லை.

சேனாபதி சுழல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு தன் லேப்டாப் பையின் ஓர அறையிலிருந்து சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்தார். கடன் வாங்கி ஷேர் வாங்கியிருந்தாராம். ஈடு போதாது, இன்று பத்து மணிக்குள் பணம் கட்டாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிடுவோம் என்று புரோக்கர் ஆபீசில் நெருக்கினார்களாம். அடகு வைத்துவிட்டுத் திங்கட்கிழமை திருப்பி வைக்கத்தான் நினைத்தாராம்.

"வைச்சிருப்பீங்களோ என்னவோ. அதுக்குள்ள அந்தப் பொண்ணு என்ன ஆயிருக்கும்?" என்றாள் கலாவதி. சேனாபதி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார், யாரும் தடுக்கவில்லை.

வான்மதி மீனாக்ஷியைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று மூச்சு வந்தபோது கண்ணிலும் தண்ணீர் வந்தது. கலாவதி போனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடு வான்மதி. திங்கக்கிழமை வருவல்ல?"

"இருபது நாள் பாக்காம அந்தக் கம்ப்யூட்டரே கோடு போட மாட்டேங்குது, அக்கா. நீங்க என்னைப் பதினாலு மாசமாப் பாத்தும் என் பையைத்தானே பாத்தீங்க."

கலாவதி தலை குனிந்தாள். அவள் கழுத்தில் ஏறியிருந்த சங்கிலியை மீனாக்ஷி எட்டிப் பிடித்து இழுத்தாள்.

வான்மதி சிரித்துக்கொண்டே பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். "வரேன்க்கா. ஆனா லாக்கர் ஒண்ணு வாங்கிடுங்க."