மூன்றாவது கால்

காலை 9.10. காணாமல் போனது ஒரு கால்.

புகாரை விசாரிக்க வந்த ஏட்டம்மாவுக்குத் தலை சுற்றியது. ஓவியரின் பட்டறையில் பூட்டு உடையவில்லை. படமும் மேசைமேல்தான் இருந்தது. பெரிய சுவர்ச் சித்திரத்துக்கு முன்தயாரிப்பாக, பழுப்புத் தாளில் காவிக்கட்டியால் வரைந்த மூட்டைக்காரன்.

"நேத்து மூணு கால். இன்னைக்கு ரெண்டு," என்றார் ஓவியர்.

"மனுஷனுக்கு ரெண்டுதானே சார்?"

"முதல்ல போட்ட இடது காலை அழிக்காம, பக்கத்துலயே மாத்திப் போட்டேன். அந்தப் பழைய காலைத்தான் காணோம்."

"காலையில கதவைத் திறக்கிறது கூட்டிப் பெருக்குறவதான். ஈரத்துணியால துடைச்சிருப்பா," என்றான் உதவியாள். படத்தின் கோடுகளில் ஊசியால் குத்திய ஓட்டைகள்மேல் கரித்தூள் பொட்டலத்தைத் தட்டி, உருவத்தைச் சுவரில் இறக்குவது அவன் வேலை.

கூட்டுகிறவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "மேசையைத் தொட்டதே இல்ல ஏட்டம்மா. வேலை போனா என் பிள்ளைங்க வாயில மண்ணுதான்."

9.40. ஏட்டம்மா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். சூளையில் செங்கல் சுமந்து வளர்ந்தவள். ஈரம் பட்ட செந்தூள் எப்படி அப்பும் என்று அவளுக்குத் தெரியும். இங்கே கறை இல்லை, தாளும் பொங்கவில்லை. துடைக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பின்னே கால் எங்கே போய்த் தொலைந்தது? குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

குனிந்து, ஓட்டையோரங்களை உற்றுப் பார்த்தாள்.

"சுவர்ல எப்போ தட்டுன?" என்று உதவியாளைக் கேட்டாள்.

"முந்தாநாள்."

"அப்போ படம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சாத்தானே ஓட்டையே போடுவாங்க மேடம்!"

"அப்படின்னா கரி, காவிக்கு மேல கிடக்கணும். இதுல அடியில கிடக்கு. இது அசலே இல்லடா. அசலை வச்சு வேற தாள்ல தட்டி, விழுந்த புள்ளியைச் சேர்த்து வரைஞ்சு, அப்புறம் ஓட்டையும் குத்தினது. பழைய காலுக்கு யாரும் ஓட்டை போடல. புள்ளி விழல, காலும் விழல. புள்ளியைப் பிடிச்சே கோடு போட்டுப் பழகின கை இங்க யாரோடது?"

உதவியாள் சுவரோரச் சாரத்துக் குழாய்க்குள் கைவிட்டுச் சுருட்டிய தாளை உருவினான்.

"மூணு மணி நேரம் மூட்டையோட நின்னவன் நான். இது என் முதுகு. படத்தைக் கேட்டேன். 'உனக்கு எதுக்குடா'ன்னாரு."

ஏட்டம்மா அசலை விரித்தாள். விறைத்த கால் ஒன்று மங்கலாக, மடங்கிய கால் ஒன்று அழுத்தமாக.

"உன் காலையே விட்டுட்டியே?"

"வலி தாங்காம மாத்தி வச்சதுக்குத் திட்டு வாங்கின கால் மேடம். அதைப் போய் எவன் வரைவான்?"

ஓவியர் தரையைப் பார்த்தார். கூட்டுகிறவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உதவியாள் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, உன் மூட்டையை இறக்கி வைக்க என் தலைதான் கிடைச்சுதா?"