நாளுக்கு ஓர் அறை

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மலையடிவாரத்தில் இருந்த நகராட்சி நாய்ப்பட்டியின் வாசலில் ஓகுஸாவா அம்மாள் பேருந்தைவிட்டு இறங்கினாள். எழுபது வயது, தனிக்கட்டை. காணாமல் போன தன் செம்பட்டை நாய் அஸுகியின் படத்தைக் கையில் வைத்திருந்தாள்.

உள்ளேயிருந்த பட்டி ஊழியன் நெஸு, கண்ணாடி வழியாக அவளையும் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டான்.

பட்டியில் வரிசையாக ஐந்து அறைகள். திங்களன்று பிடிபட்ட நாய் முதல் அறையில் இருக்கும். தினமும் காலையில் பொத்தானை அழுத்தினால் பின்சுவர் நகர்ந்து வந்து அதை அடுத்த அறைக்குத் தள்ளும். வெள்ளி மாலைக்குள் யாரும் தேடி வராவிட்டால், ஐந்தாம் அறையிலிருந்து இரும்புப் பெட்டிக்குள். அப்புறம் விஷவாயு. அதற்குக் கனவுப் பெட்டி என்று பெயர் வைத்த புண்ணியவான், ஒரு நாளாவது அதன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பதினெட்டு வருடமாகப் பொத்தானை அழுத்துகிறவன் நெஸு. திங்களன்று சுருக்கு மாட்டும்போது அஸுகி அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. புதன்கிழமை அம்மாள் தொலைபேசியில் கேட்டபோது, அந்த ஆத்திரத்தில், "அப்படி எதுவும் வரலைங்க" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். இப்போது அவள் நாயைப் பார்த்துவிட்டால் அவன் வேலை போய்விடும்.

முன்மேசைப் பெண் கிரிகோ எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு அம்மா வந்திருக்காங்க. அறையெல்லாம் பாக்கணுமாம்."

"அஞ்சு நிமிஷம் உக்கார வைம்மா. தரை ஈரமா இருக்கு."

ஐந்தாம் அறைக்கு வந்துவிட்ட நாய்க்கு மாலைவரை தவணை இருந்தது. அவன் அப்போதே பொத்தானை அழுத்தினான்.

சுவர் முனகிக்கொண்டு நகர்ந்தது. நகங்கள் சிமெண்டைப் பிறாண்டின. பெட்டிக்கதவு விழுந்தது. உள்ளே அஸுகி எம்பிக் கண்ணாடியில் மோதியது. மூக்கு உடைந்து ரத்தம் தெறித்தது. மறுபடி மோதியது. பிறகு சரிந்து அடங்கியது. நெஸு வாயுவை வெளியேற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்தாம் அறையில் ஒரு நாய் குரைத்தது.

அந்த வாரம் பட்டியில் இருந்ததே ஒரே ஒரு நாய்தான்.

அம்மாள் காதில் விழுந்தால் தொலைந்தான். சுருக்குக் கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். அறை காலி. ஈர ரோமத்தின் வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சுவர் நகர்ந்தது.

"கிரிகோ! பொத்தான்ல கை வைக்காத! உள்ளே நான் இருக்கேன்!"

கம்பி இடுக்கில் பார்த்தான். பொத்தானருகே யாருமில்லை.

சுவர் அவன் முதுகைத் தொட்டது. காலை ஊன்றினான், முழங்கால் மளுக்கென்று முறிந்தது. பெட்டிக்கதவு தானாக மேலே போயிற்று. அலறியபடி உள்ளே விழுந்தான், சூடு ஆறாத அந்த உடலின்மேல்.

செத்த வாய் திறந்தது.

வெளியே ஓகுஸாவா அம்மாள் துள்ளி எழுந்தாள். "இது எங்க அஸுகி! எம்புள்ள குரல் எனக்குத் தெரியாதா?"

கிரிகோவுக்கும் குரைப்பு மட்டும்தான் கேட்டது. மனிதக் குரல் எதுவும் கேட்கவில்லை. இருவரும் ஓடினார்கள். பெட்டியின் ஜன்னல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. கதவை நெம்பித் திறந்தபோது, நாயின் பற்கள் நெஸுவின் கிழிந்த தொண்டையில் பூட்டிக் கிடந்தன. பிரித்தெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நாய்தான் முதலில் செத்தது என்று மருத்துவர் எழுதினார். மற்றதை அவர் எழுதவில்லை.

சுவருக்குப் போகும் மின்கம்பியை அன்றே வெட்டிவிட்டார்கள்.

ஆனாலும் திங்கட்கிழமை காலை, காலியான முதல் அறையில் ஓர் ஆணின் குரல் கேட்கிறது. செவ்வாய்க்கிழமை இரண்டாம் அறையில். புதனன்று மூன்றாவதில். அடித்தொண்டையில், கெஞ்சலாக, ஒரே கேள்வி.

"என்னைத் தேடி யாராச்சும் வந்தாங்களா?"

வெள்ளிக்கிழமைகளில் கிரிகோ வேலைக்கு வருவதில்லை.