ஹார்ல்நெஸ் கோபுரத்தின் வெள்ளைப் பக்கம்

கிளறாவின் முழங்கால் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. இத்தாலியில், மொண்டெல்லோ கடற்கரையில், அந்த ஆங்கிலேய வீட்டு அம்மா சிஞ்ஞோராவின் படிகளை வருடக்கணக்காகத் துடைத்த முழங்கால். பெரிய வெள்ளியன்றும் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது சிஞ்ஞோரா அவளைத் "திருடி" என்றார்.

அவளைக் கூப்பிடக் கட்டிலருகே வைத்திருக்கும் கைமணியின் நாக்கைக் காணவில்லை.

கிளறா உடனே கபோ சந்தைக்குப் போன் எடுத்தாள். மீன் வெட்டும் ஏர்னஸ்ற், தொலைந்ததைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்தவர். கூட்டாளி விமலராஜுடன் வந்து சேர்ந்தார்.

"அண்ணை, வேலை போனால் இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. ஆனா நான் மன்றாட மாட்டன். எடுக்காததுக்கு ஏன் மன்றாட?"

"புதுசா வந்த அமலினிதான்!" விமலராஜ் துள்ளினான். "நேற்றுப் பின்னேரம் இவவுக்குப் பதிலா நிண்டவள். போனும் நிப்பாட்டிக் கிடக்கு. வித்துப்போட்டாள்!"

"அவள் கோயிலிலை நிக்கிறாள், அதுதான் போன் நிப்பாட்டினவள். உன்ரை நாக்கைக் கழட்டி மணிக்குப் போடலாம். பேசாமல் இரு," என்றார் ஏர்னஸ்ற்.

சிஞ்ஞோரா கோபத்திலும் பெருமையை விடவில்லை. "எங்கள் ஊர் ஹார்ல்நெஸ் பங்கில் உடைந்த கப்பலின் ஆணி அந்த நாக்கு. இதோ எங்கள் கோயில்." ஜன்னலோரம் மரத்தில் செய்த சிறு கோயில் நின்றது. "படகுகள் வழி தவறாதிருக்கக் கோபுரத்தின் கடல் பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அடிப்போம். முந்நூறு வருடமாக! உங்கள் கிளறா என்ன செய்தாள்? நாக்கை எடுத்துக்கொண்டு, கட்டிலில் இரண்டு மரக்கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்!"

ஏர்னஸ்ற் கரண்டிகளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா, இந்தக் கோபுரத்தின் வெள்ளைப் பக்கம் இப்போது சுவரைப் பார்க்கிறதே. யாரோ தூக்கிவிட்டுத் திருப்பி வைத்திருக்கிறார்கள்."

கோயிலைத் தூக்கினார். உள்ளே, வெள்ளைத் துணியில் பொதிந்து, ஆணி.

"எப்பிடியண்ணை?" விமலராஜ் வாய் பிளந்தான்.

"நேற்றுப் பெரிய வியாழன். பூசையிலை 'உன்னதங்களிலே' பாடினதோடை துக்கத்துக்காகக் கோயில் மணி ஓய்ஞ்சுது. நாளைக்கு இரவுதான் திரும்ப அடிக்கும். அதுவரைக்கும் மன்னாரிலை மரக்கட்டைதானே தட்டுவம்? அமலினி வந்து ரெண்டு மாசம், இத்தாலி பாசை தெரியாது. சொல்லத் தெரியேல்லை, மணிக்குப் பதிலாத் தட்டிக் கூப்பிடக் கரண்டியை வைச்சவள், நாக்கை இந்தக் கோயிலுக்குள்ளை வைச்சவள். களவெடுக்கிறவள் மரக்கரண்டியை விட்டிட்டுப் போவாளே?"

அவர் அதையே இத்தாலிய மொழியில் சொன்னார். சிஞ்ஞோரா கோபுரத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்தார்.

ஞாயிறு காலை கைமணி அடித்தது. கிளறா நிமிர்ந்தபடி போனாள்.

"தேநீர்" என்றார் சிஞ்ஞோரா.

கிளறா கொண்டுவந்து வைத்தாள், நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"என்னைத் திருடி என்றீர்கள், சிஞ்ஞோரா."

சிஞ்ஞோரா தேநீரைக் கலக்கினார். வேலை நிலைத்தது. மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.