சந்தனம் பூசிய தலை

திருப்பதி ரயிலடியில் மழை தூறிக்கொண்டிருந்தது. சித்தூருக்கு வாடகைக் கார் பேசிய தேவானந்தம் வாத்தியார், நிறைமாத மனைவி ஜெயசீலியைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியை முன்சீட்டில் வைக்கப் போனார்.

"அங்க வாணாங்க சார்," என்றான் டிரைவர் முனிசாமி. "எம் பொஞ்சாதி குந்தும்."

பச்சையம்மாள் ஏறினாள். விபத்துக்குப் பிறகு அவள் இந்த வண்டியில் ஏறுவது இதுவே முதல் தடவை.

திருப்பதி மலைக்கு நடந்தேதான் ஏறவேண்டிய காலம். போன வருஷம் மகள் பத்மினியைத் தோளில் தூக்கிப்போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி இறக்கிவந்தார்கள். சித்தூரிலிருக்கும் பச்சையம்மாளின் தாய்வீட்டில் காட்ட இதே வண்டியில் புறப்பட்டபோது, நைனா பக்கத்தில்தான் உட்காருவேன் என்று குழந்தை அடம்பிடித்தது. பச்சையம்மாளும் சரியென்று விட்டுவிட்டாள். சந்திரகிரி தாண்டியதும் முனிசாமி இடது கையால் அந்த மொட்டையைத் தடவினான். வழவழவென்று ஈரச் சந்தனம். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் புளியமரம் வந்துவிட்டது. குழந்தை முன்கண்ணாடியோடு போனாள்.

முதலாளி வண்டியைத் தட்டிச் சரிசெய்து மறுபடி அவனிடமே கொடுத்தார். சோறு வேண்டுமே, ஓட்டினான்.

இப்போது கொஞ்ச நாளாக, அதே சாலையில் கியர் போடக் கை வைத்தால் இரும்புக் குமிழ் கிடைப்பதில்லை. சின்னதாக, சில்லென்று, ஒரு தலை கிடைக்கிறது. கையை எடுக்க மனம் வருவதில்லை. நேற்று வண்டி ஏரிக்கரை விளிம்பு வரை போய்விட்டது. ராத்திரி மனைவியிடம் சொன்னான். அவள் அழவில்லை.

"நாளிக்கு நானும் வரேன்," என்றாள்.

சந்திரகிரியில் மழை வலுத்தது. பொழுது இருக்கும்போதே சாலை கறுத்தது.

"டிரைவரண்ணா, சந்தன வாசன தூக்குது," என்றாள் ஜெயசீலி.

"சாமி ஊரு வண்டி. பொட்டு வெச்சிருப்பாங்க," என்றார் வாத்தியார்.

"பொட்டா இது? குடத்தோட கவுத்த மாதிரி இருக்குது."

முன்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மேட்டில் வண்டி திணறியது. முனிசாமியின் இடது கை கியருக்கு இறங்கியது.

தலை.

ஈரம் விரல்களுக்கிடையில் பிசுபிசுத்தது. உச்சந்தலை உள்ளங்கைக்குள் மெல்லத் துடித்தது.

"நைனா, இங்க பாரு."

எதிரே மேட்டின் உச்சியில் பஸ் ஒன்றின் விளக்குகள் எழும்பின. வண்டி சாலையின் நடுவுக்கு நகர்ந்தது. வாத்தியார் என்னவோ கத்தினார். முனிசாமியின் கழுத்து மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

"பாக்காத."

பச்சையம்மாள் அவன் உள்ளங்கைக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட வாடி கண்ணு. நைனா வண்டி ஓட்டுது பாரு."

கனத்த எதையோ தூக்குகிறவளைப்போல மூச்சைப் பிடித்தாள். அவன் கைக்குள் வெறும் இரும்பு மிஞ்சியது. கியரை இழுத்துப் போட்டு வண்டியை ஓரத்துக்கு ஒடித்தான். பஸ் உரசாமல் போனது.

பச்சையம்மாள் கைகளை மடிமேல் இறக்கி வைத்துக்கொண்டாள்.

"எப்டிக்கீறா?" என்று கிசுகிசுத்தான்.

"ரோட்டப் பாரு."

"ஒரே ஒரு தபா பாத்துக்கறேன்."

"பின்னால மூணு உசுரு குந்திக்கினு இருக்குது. ரோட்டப் பாருய்யா."

பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

சித்தூரில் வாத்தியார் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி, மாமியார் வீட்டுக்குள் கூட்டிப்போனார். முனிசாமி இஞ்சினை அணைத்தான். அதன்பிறகுதான் திரும்பினான்.

பச்சையம்மாள் மடியில் ஒன்றும் இல்லை. அவள் கை மட்டும் மடிக்குமேல் ஒரு சாண் உயரத்தில், உருண்டையாக எதையோ தடவிக்கொண்டிருந்தது.

"எறங்கு," என்றான்.

"இப்பத்தான் தூங்குது. செத்த நேரம் இரு."

இடது கையை நீட்டினான். ஈரச் சேலைதான் தட்டுப்பட்டது. துழாவிப் பார்த்தான். அவனுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

கையை எடுத்துக்கொண்டான். மடியில் சேலை குழிந்தபடியே இருந்தது. அந்தக் குழிக்குள் துணி மெல்ல எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது.