வீட்டில் எத்தனை பேர்?

பெரியவர் ஒருத்தர்தான் பேசினார். மெஷின் இரண்டு பேருடைய பேச்சை எழுதியிருந்தது.

தண்ணீர் லாரி கேட்டு வரும் போன்களுக்கு அந்த அலுவலகத்தில் பதில் சொல்வது சாட்பாட். பேச்சை எழுத்தாக்கி, எந்தக் குரல் எதைச் சொன்னது என்று பிரித்து, லாரியையும் அதுவே அனுப்பிவிடும். அதற்குச் சந்தேகம் வந்த பதிவுகள் மட்டும் அங்கே வேலை பார்க்கும் அவளுடைய திரைக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, எழுதியது சரியா தப்பா என்று தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு பதிவு. சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகும் யாரோ காதுக்குள் குடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்று சாட்பாட் கேட்டது. ஆளுக்கு நாலு குடம் என்பது விதி. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒருத்தன்தாம்மா" என்றார். மெஷினையும் அம்மா என்று கூப்பிடுகிற மனிதர். அதற்குக் கீழே, இரண்டாம் குரல் என்ற கட்டத்தில், 'ரெண்டு பேர்' என்று இருந்தது.

மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிரிட்ஜின் முனகல், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் எழுப்பிய கிறீச், தண்ணீர் வராத குழாயில் காற்று சீறிச் சீறி அடங்குவது, அதற்கும் பின்னால் அறை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போன்ற ஒரு மௌனம். இரண்டாம் குரல் எங்கேயும் இல்லை. நியாயமாகத் தப்பு என்றுதான் தட்டியிருக்க வேண்டும். பாவம், பெரியவருக்கு நாலு குடம் கூடக் கிடைத்தால் யார் வீட்டுச் சொத்து கரையப்போகிறது என்று சரியைத் தட்டிவிட்டாள். 'இக்குரல் இனித் தானாக ஏற்கப்படும்' என்று திரையில் ஒரு வரி வந்து மறைந்தது. அவள் அதைப் படித்தும் படிக்காமலும் அடுத்த பதிவுக்குப் போனாள்.

மூன்று நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில், அதே வீட்டு எண்ணிலிருந்து இன்னொரு பதிவு வந்தது. எத்தனை பேர் என்று சாட்பாட் கேட்டது. அதே பிரிட்ஜ், அதே மின்விசிறி, அதே சீறல். செருமல் இல்லை. முதல் குரலின் கட்டம் காலியாக இருந்தது.

இரண்டாம் குரல்: 'ஒருத்தர்.'

அவள் சாப்பாட்டுக்கு எழவில்லை. பெரியவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னாள். ஆள் பேசாத பதிவை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார் அவர். மெஷின் உளறுவதற்கெல்லாம் போலீசுக்கா போக முடியும் என்று சிரிக்கவும் செய்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மகள் தனியாக இருந்தாள். ஒன்பது வயது, வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. குழாயில் தண்ணீர் நின்றால் லாரிக்குச் சொல்லிவிடு என்று காலையில் அவள்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சும்மா பார்ப்போம் என்று தன் வீட்டு எண்ணைத் தட்டினாள். பதிவு இருந்தது. அரை மணி நேரத்துக்கு முந்தியது.

"நான் மட்டும்தான் இருக்கேன். அம்மா ஆபீஸ் போயிருக்காங்க."

கீழே: 'ரெண்டு பேர்.' பக்கத்தில், தானாக ஏற்கப்பட்டது.

தப்பு என்று தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள். பட்டன் வேலை செய்யவில்லை. போனில் மகளைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் வாலு.

"கதவைப் பூட்டியிருக்கியா?"

"ரெண்டு தாழ்ப்பாளும் போட்டிருக்கும்மா."

கீழ்த்தாழ்ப்பாள்தான் வாலு போடுவது. மேல்தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறினாலும் எட்டாது.

"மேல யார் போட்டது?"

"தெரியல. தூங்கி எழுந்து பார்த்தப்பவே போட்டிருந்துச்சு."

"உடனே வெளிய வா. பக்கத்து வீட்டுக்குப் போ."

பிரிட்ஜின் முனகலுக்கு மேலே ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு எட்டலையேம்மா."

லைன் அறுந்தது. பையை எடுத்தாளா, யாரிடமாவது சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து மகளுக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். நாலு குடத்துக்கு இரக்கப்பட்டது ஒரு குற்றமா என்று அழுதாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

மூன்று மாடி. வெயில் பளீரென்று அடித்த நடை. அவர்களுடைய கதவு.

"வாலு! அம்மா வந்துட்டேன்டி!"

கதவைத் தட்டினாள். தோளால் முட்டினாள். அசையவில்லை. உள்ளே குழாய் சீறியது. அடங்கியது.

கையில் போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து, சரிபார்க்க ஒரு பதிவு. அவள் வீட்டு எண். இப்போதுதான்.

முதல் குரல் காலி.

'ஒருத்தர்.'

அவள் கதவில் காதை வைத்தாள். கீழ்த்தாழ்ப்பாள் அசையவில்லை. அவள் தலைக்கும் மேலே, கதவுக்கு அந்தப் பக்கம், மேல்தாழ்ப்பாள் மெல்ல மெல்ல விலக ஆரம்பித்தது.