நாளைச் சாயங்காலம் வரை

சேந்தன் எப்படி இருக்கிறான் என்று நலத்திரை கேட்டதற்கு, நிலாவிலிருந்து 'இசைவுச்சீட்டு காலாவதி' என்று பதில் வந்தது.

தமயந்தியின் கையிலிருந்த காபி ஆறிப்போனது. நிலாவின் பனிச்சுரங்கத்துக்கு மகன் சேந்தன் வேலைக்குப் போன நாள் முதல் அவனுடைய நாடி, தூக்கம், சாப்பாடு எல்லாம் சமையலறைச் சுவரில் பச்சை விளக்காக எரிந்துகொண்டிருந்தன. யாருடைய உடம்பையும் எத்தனை தொலைவிலிருந்தும் விசாரிக்கலாம். ஒவ்வொரு முறையும் அவர்கள் தந்த இசைவுச்சீட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சீட்டின் ஆயுளைத் தருபவரே வைக்கலாம்; சேந்தன் வைத்திருந்தது ஒரு மணி நேரம். தீர்ந்ததும் நீட்டிப்புச்சாவி யாருக்கும் தொந்தரவில்லாமல் புதுச்சீட்டு வாங்கி வந்துவிடும். இன்று சாவியும் தீர்ந்திருந்தது.

அவள் அதே சீட்டை மறுபடி நீட்டினாள். காலாவதி. 'மறுக்கப்பட்ட சீட்டையே திரும்ப நீட்டாதீர்கள். உரியவரிடம் புதிதாகக் கேளுங்கள்' என்று திரை புத்தி சொன்னது. அந்த வாக்கியத்தை எழுதியதே தமயந்திதான். கோவை அலுவலகத்தில் உட்கார்ந்து இந்த ஏற்பாட்டை உருவாக்கியவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மகராசி, பதற்றத்தில் இன்னும் நாலு தடவை அதையே நீட்டினாள்.

கடைசியில் மகனைக் கூப்பிட்டாள்.

"உசுரோட இருக்கியா கண்ணு?"

நிலாவுக்குப் போய்த் திரும்பி வரக் குரலுக்கு இரண்டரை விநாடி ஆகும். அதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள்.

"இருக்கேம்மா. சாவிய நீட்டிக்கலாமான்னு இங்க திரை கேட்டுச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏஞ்சாமி? நான் என்ன பண்ணுனேன்?"

"ஒண்ணும் பண்ணலயே, அதான். பச்ச எரியுதுன்னு நீ கூப்படறதயே உட்டுட்ட. கூட இருந்த மாறன் ஊருக்குப் போனதுலருந்து தனியாத்தான் சாப்படறேன். போன மாசம் பூரா அழுதேம்மா. அப்பவும் பச்சதான எரிஞ்சுது?"

எரிந்தது. தினமும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கிறாள். தமயந்திக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுவது கேட்டு அவனும் அழுதான், இரண்டரை விநாடி தாமதமாக. பிறகு மாறனைப் பற்றி, வாய்க்கு விளங்காத சாப்பாட்டைப் பற்றி, எல்லாம் கொட்டித் தீர்த்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"செரிம்மா, புதுச்சீட்டு அனுப்பறேன். பழையபடி சாவியும் சேத்தி அனுப்பட்டா?"

தமயந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவி வேண்டாம் கண்ணு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு சீட்டு போடு, போதும். தீந்துதுன்னா நானே கூப்ட்டுக் கேட்டுக்கறேன்."